உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டிய ஓர்கா புத்தகம்

மகனே,

ஏற்காட்டுப் பள்ளிக்கூட ஆபீஸில் உட்கார்ந்து இருபத்தெட்டு வருடம் நான் டைப் அடித்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே வரியில்தான் தொடங்கும்: தங்கள் மகன் இங்கே நலமாக இருக்கிறான். மெட்ராஸுக்கும் கொச்சிக்கும் சிங்கப்பூருக்கும் மாதம் ஒரு முறை அது போகும். எந்தப் பையன் நலமாக இருந்தான், எவன் காய்ச்சலில் கிடந்தான் என்று ஒரு நாளும் நான் விடுதிப் பக்கம் போய்ப் பார்த்ததில்லை. உன்னைப் பற்றியும் மாதம் ஒன்று அடித்தேன். பெறுநர் இடத்தில் என் பெயரையே அடித்து, பிரின்சிபாலிடம் கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கரடியூரில் நம் வீட்டுக்கு வந்து சேருவேன். உன் அம்மாவின் முன்னால் அந்த உறையைக் கிழித்து, இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் சொல்வேன். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "நீங்க பையனப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்பாள். பார்த்தேன் என்பேன். சில மாதங்களில் அது உண்மையாகவும் இருந்திருக்கிறது.

அதனால் நலம் விசாரிக்கும் வரி எதையும் இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதில்லை. அந்த வரியை எழுதி எழுதி என் கை கெட்டுப்போய்விட்டது.

மெட்ராஸிலிருந்து உன் கவர் போன செவ்வாய்க்கிழமை வந்தது. உள்ளே இரண்டு இருந்தன. ஒன்று, கனடா நாட்டு மேற்குக் கரைத் துறைமுகத்தில் நீ வாங்கிய, ஓர்கா என்ற கடல் பிராணியைப் பற்றிய புத்தகம். ரிட்டையர் ஆன பிறகு படிக்க ஒன்றும் கிடைப்பதில்லை என்று போன தடவை போனில் புலம்பினேன் அல்லவா, அதை ஞாபகம் வைத்து அனுப்பியிருக்கிறாய். கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது மேல்தளத்திலிருந்து கறுப்புத் துடுப்புகள் ஐந்தாறு வரிசையாகப் போவதைப் பார்த்ததாகவும், வேலையை விட்டுவிட்டுச் சின்னப் பையன் மாதிரி ஓடிப் போய் நின்றதாகவும் எழுதியிருந்தாய். அந்தப் பாராவை நான் மூன்று முறை படித்தேன். நீ எனக்கு எழுதிய கடிதங்களிலேயே சந்தோஷமான பாரா அதுதான்.

இன்னொன்று, அதே கடிதத்தில் இருந்த விஷயம். மருமகளுக்கு மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது, ஜூனில் போகிறாள். உனக்கு ஜூலையில் மறுபடி கப்பல். பேரன் ஜோயலுக்கு ஆறு வயது ஆகிறது, நம் பள்ளிக்கூடத்திலேயே போர்டிங்கில் போட்டுவிடலாம், அப்பா ஒரு வார்த்தை சொன்னால் சீட் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். "நானும் ஆறு வயதில் அங்கே சேர்ந்தவன்தானே, கெட்டா போய்விட்டேன்?" என்று கேட்டிருந்தாய். அதற்குக் கீழே, கரடியூரில் தாத்தா பாட்டியோடு விடலாமே என்று மருமகள் சொன்னதாகவும், நீதான் வேண்டாமென்று மறுத்ததாகவும் இருந்தது. காரணமும் எழுதியிருந்தாய். "அம்மாவுக்குச் சிரமம். அவர்களுக்கு எப்போதுமே பிள்ளைகளிடம் ஒட்டுதல் கம்மி. சுபாவம் அப்படி, நான் குறையாகச் சொல்லவில்லை."

நான் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று உன் அம்மா கேட்டாள். புத்தகம் அனுப்பியிருக்கிறான் என்றேன். அவள் களத்தில் காய்ந்த காப்பிக்கொட்டையை முறத்தில் போட்டு, கறுத்ததையும் உடைந்ததையும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "படிங்க, கேக்கறேன்" என்றாள். அப்படித்தான் தொடங்கியது. நாலு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் கொட்டை பொறுக்க, நான் ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் சிரிப்பாகத்தான் போயிற்று. கொலைகாரத் திமிங்கலம் என்று இதற்கு இன்னொரு பெயர், ஆனால் இது திமிங்கலமே இல்லை, டால்ஃபின் சாதியில் பெரியது என்றேன். பிறகு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டாள். கடல் சிங்கத்தையும் பெரிய திமிங்கலத்தையும்கூட வேட்டையாடுமாம் என்றேன். மனுசனைக் கொன்றிருக்கிறதா என்றாள். கடலில் சுதந்திரமாகத் திரியும் ஓர்கா ஒரு மனிதனையும் கொன்றதாகப் பதிவு இல்லை என்று எழுதியிருந்தது. "அப்ப பேரு வெச்சவனுக்குத்தானுங்க வாய்க்கொழுப்பு" என்றாள். படத்தில் கண் மாதிரி தெரியும் அந்தப் பெரிய வெள்ளைத் திட்டு கண் இல்லை, கண் அதற்குக் கீழே முன்னால் சின்னதாக இருக்கிறது என்று காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு தேடிக் கண்டுபிடித்தாள். கூழாங்கல் நிறைந்த கரையோரமாக வந்து வயிற்றையும் முதுகையும் கல்லில் தேய்த்துக்கொள்ளுமாம், அதற்கென்றே வருஷா வருஷம் அதே இடத்துக்கு வருமாம் என்றதும், நம் எருமை பலா மரத்தில் தேய்ப்பதைச் சொல்லிச் சிரித்தாள். அதுகள் முழுசாகத் தூங்குவதே இல்லை, மூளையில் ஒரு பாதி தூங்கும்போது மறு பாதி விழித்திருக்கும், இல்லாவிட்டால் மூச்சு விட மேலே வர முடியாது என்று படித்தேன். பிள்ளை பெற்றவளுக்கு அது புதுசா என்றாள்.

இரண்டாம் நாள் தாயையும் பிள்ளையையும் பற்றிய பக்கங்கள் வந்தன. மீன் தின்னும் ஓர்காக்களில் பெண் பிள்ளையும் சரி, ஆண் பிள்ளையும் சரி, ஆயுசு முழுக்கத் தாயை விட்டுப் பிரிவதே இல்லையாம். ஆண் வளர்ந்து, முதுகுத் துடுப்பு ஆள் உயரத்துக்கு நின்ற பிறகும் அம்மாவின் பக்கத்திலேயேதான் நீந்துமாம். வேறு குடும்பத்துப் பெண்ணோடு சேர்ந்துவிட்டு மறுபடி தாயிடமே வந்துவிடுமாம். துடுப்பில் இருக்கும் வெட்டுத் தழும்பையும், அதன் பின்னால் இருக்கும் சாம்பல் நிறத் திட்டையும் வைத்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எது எந்தத் தாயின் பிள்ளை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எண் என்ற சொல்லைச் சொன்னதும் உன் அம்மாவின் கை முறத்தில் நின்றது. "நம்ம பையனுக்கு அறுவத்தி மூணு" என்றாள். உன் சட்டை, டவுசர், துண்டு, தலையணை உறை எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் அந்த எண்ணைத் தைத்தவள் அவள். சலவைக்குப் போட்டால் மாறக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் கேட்ட முதல் வேலை அது. இருபத்தைந்து வருடம் ஆகியும் அவளுக்கு அது மறக்கவில்லை.

நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். உன்னை போர்டிங்கில் போட வேண்டிய அவசியமே இல்லை. ஆபீஸ் ஊழியர் பிள்ளைகள் பகலில் வந்து படித்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று விதி இருந்தது. கரடியூரிலிருந்து ஏற்காட்டுக்கு நான் தினமும் போய் வந்தவன், எஸ்டேட் ஜீப்பில் உன்னையும் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கலாம். உன் அம்மா அதைத்தான் கேட்டாள். ஆனால் பகலில் வந்து போகிற பையன்களை மற்றவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதை நான் பார்த்திருந்தேன். என் கவுண்டரில் வந்து நின்ற தோட்டத் துரைமார் பிள்ளைகளும் மெட்ராஸ் டாக்டர் பிள்ளைகளும் என்னை ஏறெடுத்துப் பார்க்காமல் பேசினார்கள். நீயும் அப்படி ஒருவனாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பெற்ற தகப்பனை ஏறெடுத்துப் பார்க்காத பிள்ளைக்கு ஆசைப்பட்ட முட்டாள் இந்த மலையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பிரின்சிபாலிடம் கெஞ்சி போர்டிங் இடம் வாங்கினேன். சேர்த்த அன்று ஆபீஸ் வராந்தாவில் உன்னை நிறுத்தி, இந்தக் காம்பவுண்டுக்குள் நான் அப்பா இல்லை, சார் என்று கூப்பிடு என்று சொன்னேன். நீ தலையாட்டினாய். ஆறு வயதுப் பிள்ளை அதைப் புரிந்துகொண்டு ஒரு தடவைகூடத் தவறாமல் நடந்தது.

மூன்றாம் நாள் பேச்சைப் பற்றிப் படித்தேன். ஒவ்வொரு ஓர்காக் குடும்பத்துக்கும் தனித் தனிக் குரல் உண்டாம், ஒரே கடலில் இருந்தாலும். குட்டி அதைத் தாயிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறது. அந்தக் குரலைக் கேட்டே இது எந்த ஊட்டுப் பிள்ளை என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லிவிடுகிறார்கள். மீன் தின்னும் கூட்டம் ஓயாமல் கத்திக்கொண்டே போகும். அதே கடலில் சீல் தின்னும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. இரை உஷாராகிவிடும் என்று அது வாயே திறக்காது. இரண்டும் ஒன்றோடொன்று சேராது. நான் இதைச் சொல்லி முடித்ததும் உன் அம்மா, "நான் ரெண்டாவது கூட்டமுங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அவளை அந்தக் கூட்டத்தில் சேர்த்தவன் நான். நீ சேர்ந்த முதல் மாதம், ரொம்ப என்னாமல் நொம்பப் பசிக்குது என்று நீ சொன்னதற்கு உணவுக் கூடமே சிரித்ததாக மாஸ்டர் ஒருவர் ஆபீஸில் வந்து வேடிக்கையாகச் சொன்னார். எனக்குக் காது சிவந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு பார்வையாளர் நாள் வருகிறது, அங்கே வந்து ஊடு, நொம்ப, சாமி என்று பிறந்த ஊரான குப்பனூர்ப் பேச்சைப் பேசினால் பையன் மானம் போகும், தெரியாவிட்டால் பேசாமல் உட்கார்ந்திரு என்றேன். "பையனச் சாமீன்னுகூடக் கூப்பிடக் கூடாதுங்களா?" என்றாள். கூடாது என்றேன். உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த ஹாலில் பெஞ்சின் ஓரத்தில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு அரை மணி நேரமும் அவள் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். மற்றத் தாய்மார்கள் பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கலகலவென்று பேசுவார்கள். நான் உன் மார்க்கைப் பற்றிக் கேட்பேன். மணி அடித்ததும் எழுந்து வந்துவிடுவோம். மலைப் பாதையில் ஜீப் வளைந்து வளைந்து வரும் தூரம் முழுக்க உன்னிடம் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டு வருவாள். பையன் இளைத்திருக்கிறான், காதுக்குப் பின்னால் சிரங்கு இருக்கிறது, இடது கால் செருப்பு கடிக்கிறது, சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்கிறான், யாரோ பல்லைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அவள் பார்த்ததில் பாதியை முப்பது நாளில் நான் பார்க்கவில்லை. ஒட்டுதல் கம்மி என்று எழுதியிருக்கிறாய். ஒட்டுதல் எங்கே போயிற்று என்று கேட்டிருந்தால் நான் அந்த ஜீப்பைக் காட்டியிருப்பேன்.

நீ கப்பல் வேலைக்குப் போன பிறகும், கரையில் இருக்கும் மாதங்களில் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் கடைக்குப் போன் செய்கிறாய். அதை நீயே கவனித்திருக்கிறாயோ என்னவோ. அவள் அன்று காலை பூசை முடிந்ததும் ஏற்காடு பஜாரில் அந்தக் கடை வாசலில் போய் நிற்பாள். போனை என்னிடம் கொடுத்துவிடுவாள். "நீங்களே பேசுங்க, எனக்குப் பேசத் தெரியாது" என்பாள்.

நாலாம் நாள். இதை எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

வளர்ந்த மகனுக்கும் தாய் ஓர்கா மீன் பிடித்துக் கொடுக்குமாம். தானே பிடித்துத் தின்னத் தெரிந்த மகனுக்கு. கிழவியான பிறகும், இனிக் குட்டி போடாத வயதுக்குப் பிறகும் எத்தனையோ வருடம் உயிரோடிருந்து குடும்பத்துக்கு முன்னால் நீந்திப் போகுமாம், சால்மன் மீன் எங்கே வரும் என்று அதற்குத்தான் தெரியுமாம். பிடித்த மீனைக் கடித்துப் பாதியைப் பிள்ளைக்கு விட்டுவிடுமாம். இதைச் சொன்னபோது உன் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் நெதம் இல்லாட்டியும் வாரம் தவறாம குடுத்து உட்டனுங்களே" என்றாள்.

மகனே, அவள் கொடுத்துவிட்டாள். நீ சேர்ந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும். விடிவதற்கு முன் எழுந்து அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துக் கச்சாயம் சுடுவாள், இல்லாவிட்டால் எள்ளுருண்டை, கொய்யா, நம் மரத்து ஆரஞ்சு. பித்தளைத் தூக்குப்போசியில் அடுக்கி, ஆறாமல் இருக்கத் துணி சுற்றி என் கையில் கொடுப்பாள். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் உண்டு. ஆனால் போர்டிங் பையன்களுக்கு வெளித் தின்பண்டம் கூடாது என்று விதி. அந்தச் சுற்றறிக்கையை டைப் அடித்தவனே நான். அதை உன் அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தின்பண்டம்கூடக் கொடுக்கக் கூடாத இடத்தில் என் பிள்ளை எதற்கு, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பாள். விதியை மீறி உனக்குக் கொடுத்தால் ஆபீஸ்காரன் தன் பிள்ளைக்கு மட்டும் சலுகை காட்டுகிறான் என்பார்கள். அதனால் வாங்கிக்கொண்டு போனேன், உனக்குக் கொடுக்கவில்லை. முதல் சனிக்கிழமை மேஜைக்கு அடியில் வைத்திருந்து, திரும்பும்போது ஏரிக் கரையில் உட்கார்ந்து நானே தின்றேன். குழாயில் போசியைக் கழுவிக்கொண்டு வந்தேன். பையன் சாப்பிட்டானா என்றாள். நன்றாகச் சாப்பிட்டான் என்றேன்.

பொய் ஒன்றோடு நிற்குமா? என்ன சொன்னான் என்று கேட்டாள். வெல்லம் கொஞ்சம் தூக்கல் என்றான் என்று சொல்லி வைத்தேன். அடுத்த வாரம் வெல்லத்தைக் குறைத்தாள். இன்னொரு வாரம் ஏலக்காய் போடச் சொன்னான் என்றேன், எனக்கு ஏலக்காய் பிடிக்கும் என்பதால். தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டு வாங்கி இடித்துப் போட்டாள். விடுமுறையில் நீ வீட்டுக்கு வந்தபோது அவள் உன்னிடம் இதைப் பற்றிப் பேசிவிடக் கூடாதே என்று, பையன் வெளியே உளறிவிட்டால் தண்டனை கொடுப்பார்கள், அவனிடம் மூச்சு விடாதே என்று அவளை மிரட்டி வைத்தேன். அவள் உன் தட்டில் ஏலக்காய் போட்ட கச்சாயத்தை வைத்துவிட்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீ ஒரு கடி கடித்துவிட்டு, இந்த வாசனை பிடிக்கவில்லை என்று தள்ளிவிட்டாய். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பையன் வளருகிறான், நாக்கு மாறும் என்றேன். நீ எட்டாம் வகுப்பு போன வருடம், அவனுக்கு இனி இதெல்லாம் வேண்டாமாம் என்று சொல்லி நிறுத்தினேன். அவள் போசியைத் துடைத்துப் பரண் மேல் வைத்தாள். அந்தச் சனிக்கிழமை அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

நீ என்னிடம் கேட்டதும் எனக்கு மறக்கவில்லை. சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு சனிக்கிழமை. கவுண்டர் உன் தலைக்கு மேலே இருந்தது, விரல் மட்டும் தெரிந்தது. மற்றப் பையன்களின் அம்மாக்கள் ரகசியமாக எதையாவது கொடுத்தனுப்புவதை நீ பார்த்திருக்க வேண்டும். "சார், அம்மா ஒன்னும் குடுத்து உடலீங்களா?" என்றாய். என் முழங்காலில் போசி இடித்துக்கொண்டிருந்தது, இன்னும் சூடு ஆறவில்லை. பக்கத்து மேஜையில் ஹெட் கிளார்க் இருந்தார். இங்கிலீஷில் கேள் என்றேன். அதைக் கேட்க உன்னிடம் இங்கிலீஷ் இருக்கவில்லை. போய்விட்டாய். ஆறேழு மாதம் கழித்து மறுபடியும் வந்து அதே கேள்வியை இங்கிலீஷில், ஒரு பிழையில்லாமல் கேட்டாய். எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லை என்று பதில் சொன்னேன். அதற்குப் பிறகு நீ எப்போதும் கேட்டதில்லை.

இதையெல்லாம் நான் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வைத்தது புத்தகத்தின் கடைசிப் பகுதி. முன்னொரு காலத்தில் வேடிக்கைத் தொட்டிகளுக்கு விற்பதற்காக ஓர்காக் குட்டிகளை வலை கட்டிப் பிடித்தார்களாம். குட்டியை மட்டும் பிரித்து வலைக்குள் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள். பெரியதுகள் அப்படியே போய்விடலாம். போகாமல் வலைக்கு வெளியிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தனவாம். பல வருடம் தொட்டியில் தனியாகக் கிடந்த ஒன்றுக்கு, அதன் குடும்பத்தின் குரலைப் பதிவு செய்து கொண்டுவந்து போட்டுக் காட்டினார்களாம். அதன் உடம்பு நடுங்கியதாம். நான் இதைத் தட்டுத்தடுமாறித்தான் தமிழில் சொன்னேன். உன் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"வெளிய நின்னதுக கத்துனது உள்ள இருந்த குட்டிக்குக் கேட்டிருக்குமுங்களா?"

கேட்டிருக்கும் என்றேன்.

"அப்பப் பரவால்லீங்க. நம்மாளு உட்டுட்டுப் போகலன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும். நம்ம பையனுக்கும் தெரியுமில்லீங்களா, வாரா வாரம் போசி போச்சே."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து, ஒட்டுதல் கம்மி என்ற வரி வரைக்கும் படித்துக் காட்டினேன். பிறகு போசியின் கதையைச் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. ஒரு வாரம்கூடக் கொடுக்கவில்லையா என்று கேட்டாள். ஒரு வாரம்கூட இல்லை என்றேன். எழுந்து போய்க் கோழிகளைப் பிடித்துக் கூடையைக் கவிழ்த்து மூடினாள். அன்றைக்கும் மறுநாளும் எனக்குச் சோறு போட்டாள், என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆறுதலை அவள் தரவில்லை.

ஆகவே மகனே, ஜோயலுக்கு நான் சீட் கேட்கப் போவதில்லை. அந்த ஆபீஸில் இன்னும் நாலு பேர் என்னை மதிக்கிறார்கள், கேட்டால் கிடைக்கும், ஆனாலும் கேட்கமாட்டேன். பள்ளிக்கூடத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. அது தன் விதிப்படி நடந்தது. அந்த விதி கேட்காததையெல்லாம் சேர்த்துச் செய்தவன் நான். நீ கெட்டா போய்விட்டாய் என்று கேட்டாய். கெட்டுப்போகவில்லை. நல்ல வேலையில் இருக்கிறாய், பெண்டாட்டியை மதிக்கிறாய், குடிப்பதில்லை. ஆனால் உன்னைப் பெற்றவளை நீ இருபத்தைந்து வருடமாகத் தப்பாகத் தெரிந்துவைத்திருக்கிறாய், அவளும் தன் பிள்ளைக்குத் தன் கைப் பண்டம் பிடிக்காமல் போய்விட்டது என்று அத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தாள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் பொய் சொன்னவன் ஒருத்தன்தான். நீ மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. அது உன் இஷ்டம். அவளைப் பற்றி நீ எழுதிய அந்த ஒரு வரியை மட்டும் திருப்பி எடுத்துக்கொள். ஜோயலை எங்கே விடுவது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய். எங்களிடம் விட்டால் பகலில் பள்ளிக்கூடம் போய்விட்டு ராத்திரி பாட்டியின் பக்கத்தில் படுப்பான். ஊடு என்பான், நொம்ப என்பான். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

இதுவரை நேற்று எழுதி வைத்தேன். இன்று காலையில் தபாலில் போடலாமென்று சட்டையை மாட்டினேன். உன் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சேலையைக் கட்டியிருந்தாள், தோளில் துணிப்பை. வேளாங்கண்ணிக்கு என்னோடு போன இரண்டு தடவை தவிர அவள் சேலத்தைத் தாண்டியதில்லை. மெட்ராஸுக்கு ரயில் எங்கே ஏறுவது என்று கடைக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறாள். உன் விலாசத்தைப் பைபிள் அட்டையில் எழுதியிருக்கிறாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். சரி, கடிதத்தையாவது தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்றதற்குத்தான் மூன்று நாளில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எம் பையனுக்குப் போறது எதையும் இனி உங்க கையில குடுக்க மாட்டனுங்க. கொண்டாங்க."

உறையை ஒட்டவும் விடவில்லை. பஸ்ஸில் எழுத்துக் கூட்டிப் படித்து, நான் எதையாவது விட்டிருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் தருவாளாம். அதனால் இந்தக் கடைசிப் பத்தியை நின்றுகொண்டே எழுதுகிறேன். சேலம் பஸ்ஸுக்கு ஏற்காடு போக ஜீப் வந்து நிற்கிறது. அவள் துணிப்பைக்குள் ஏதோ கனமாக இருக்கிறது, வெளியே சூடு தெரிகிறது. என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அது உங்களுக்கில்லீங்க" என்றாள். நீ இந்த வரிக்கு வருவதற்குள் அதை அவள் கையிலிருந்து வாங்கியிருப்பாய் என்று நினைக்கிறேன். வாங்கவில்லை என்றால் இதை வைத்துவிட்டுப் போய் முதலில் அதை வாங்கிக்கொள்.